பதினொன்றாம் வகுப்பில் எதில் சேர்வது? நெல்லைப் பிள்ளைகளின் தலைமைப் பயிற்சிக்கு உள்ள வழிகள்

2025-26 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 2017-18இல் வந்த தேர்வு அது. அது இருந்தவரை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடமும் பிள்ளைகள் தலை நிமிராமல் படித்தார்கள். இப்போது நடுவில் ஒரு வருடம் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இந்த வருடமே தொடங்கி அந்த இடைவெளியையும் அடைத்துவிடுகிற பள்ளிகளும் உண்டு. ஆனாலும் காலாண்டு விடுமுறை, சில சனிக்கிழமைகள், ஜனவரியில் பொங்கலை ஒட்டிய நாட்கள் என்று பிள்ளையின் கையில் நேரம் மிஞ்சத்தான் செய்கிறது.

ஜூன் மாதத்தில் பெற்றோர் வந்து நிற்பார்கள். "டீச்சர், இவன எதுலயாவது சேத்து விடுங்க, வீட்ல எப்பப் பாத்தாலும் ஃபோனும் கையுமாவே இருக்கான்" என்று சிலர். "என்எஸ்எஸ்ல சேந்தா படிப்பு கெட்டுப் போகுமா?" என்று சிலர். மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள் என்பதால் இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரங்களில் படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று நான் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் எதை வைத்து அளக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அந்தப் பிள்ளை செய்யாமல் விட்டால் இன்னொருவருக்குக் கஷ்டம் வரும் என்கிற அளவுக்கு உண்மையான ஒரு வேலை அதன் கையில் கொடுக்கப்படுகிறதா? தன் தெரு, தன் சாதி, தன் பள்ளி தாண்டிய மனிதர்களோடு சேர்ந்து அந்த வேலையைச் செய்கிறதா?

இரண்டாவது கேள்வி எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஆனால் நம் மாவட்டத்தில் அதை முதல் கேள்வியாகவே வைக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு பள்ளியில் படித்த பையன்களே சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கை சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு சமூக நீதி மாணவர் படையை உருவாக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை பரிந்துரைத்தது. இதைப் பலர் கவனிக்கவில்லை. கயிற்றை அறுப்பது ஒரு நாள் வேலை. அந்தக் கை வேறொரு கையோடு சேர்ந்து எதையாவது தூக்க வேண்டும், அதற்குத்தான் ஏற்பாடு தேவை. நம் ஊரில் நாலு பேரைச் சேர்க்கிற திறமைக்குப் பஞ்சமே இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒரு போன் போட்டால் இருபது பேர் வந்து நிற்கிறார்கள். அந்த இருபது பேரும் ஒரே தெருவாக இருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் நிற்பது நாட்டு நலப்பணித் திட்டம்தான். எல்லோரும் என்எஸ்எஸ் என்றுதான் சொல்கிறோம். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. மணி நேரக் கணக்கைப் பார்த்துப் பெற்றோர் பயந்துபோகிறார்கள். பயப்படத் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் கூட ஆகாது. அதில் பெரும்பகுதி பள்ளி வளாகத்திலேயே முடிந்துவிடும்.

விஷயம் முகாமில்தான் இருக்கிறது. காலாண்டு விடுமுறையில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்திலோ ஊராட்சிக் கட்டடத்திலோ தங்குவார்கள். காலையில் ஊருணியைச் சுத்தம் செய்வது, கோயில் பக்கமோ பள்ளிக்கூடப் பக்கமோ சீமைக் கருவேல முள்ளை வெட்டி அகற்றுவது, மத்தியானம் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, சாயங்காலம் ஊர் மக்களுக்கு ஒரு நிகழ்ச்சி. பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்துச் சமையல், தண்ணீர், துப்புரவு, நிகழ்ச்சி என்று முறை வைப்பார்கள். சமையல் முறையில்தான் எல்லாம் வெளியே வரும். இருபத்தைந்து பேருக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று வீட்டில் ஒரு நாள் கூட அடுப்படிக்குள் போகாத பையனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய்க் கேட்டாக வேண்டும். அந்த ஆச்சி எந்தத் தெரு என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, எட்டரை மணிக்கு எல்லோருக்கும் பசிக்கும். சோறு குழைந்துவிட்டால் குழைந்த சோற்றைத்தான் எல்லோரும் தின்ன வேண்டும். யார் சமைத்தாலும் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னும் சில வீடுகளில் நடக்காத காரியம் அது. முகாமில் அது யாரும் பாடம் எடுக்காமல் நடந்துவிடுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் நின்றது. எங்கள் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டவர்களுக்கு உதவி செய்ய நிறையப் பேர் வந்தார்கள், எல்லோரும் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கைக்குழந்தை எத்தனை, சர்க்கரை மாத்திரை யாருக்குத் தீர்ந்துவிட்டது, மாற்றுத் துணி யாருக்கு இல்லை என்று எழுதத் தொடங்கியவள் முந்தின வருடம் முகாம் போய் வந்த ஒரு பெண். யாரும் அவளை நியமிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பெரியவர்களே அவளிடம் வந்து "அடுத்து என்ன வேணும் தாயி?" என்று கேட்டார்கள். அவள் வகுப்பில் கேள்வி கேட்டால் கூட மெதுவாகத்தான் பேசுவாள்.

சரி, எல்லாப் பள்ளியிலும் என்எஸ்எஸ் இப்படித்தான் நடக்கிறதா? இல்லை. திட்ட அலுவலராக இருக்கிற ஆசிரியரைப் பொறுத்துத்தான் எல்லாம். சில இடங்களில் வருடம் முழுக்க ஊர்வலத்தில் அட்டை பிடிப்பதும், விழாவுக்கு வருகிற விருந்தினருக்கு வரவேற்பில் நிற்பதும், துடைப்பத்தோடு போட்டோ எடுப்பதும்தான் சேவை. அதில் போய் 240 மணி நேரம் நின்றால் கால் வலிதான் மிச்சம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பள்ளியின் என்எஸ்எஸ் குழுவில் பொதுவாக 50 பேர் இருப்பார்கள், சிறப்பு முகாமுக்கு அதில் பாதிப் பேர்தான் போக முடியும். அந்தப் பாதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். போன வருடம் எந்த ஊரில் முகாம் போட்டீர்கள், அங்கே சுத்தம் செய்த ஊருணி இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்ல முடிகிற ஆசிரியராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையைச் சேர்க்கலாம்.

அடுத்து தேசிய மாணவர் படை, அதாவது என்சிசி. சீருடை, அணிவகுப்பு, துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று பையன்களுக்கும் பெண்களுக்கும் அதில் ஒரு கவர்ச்சி உண்டு. போலீஸ், ராணுவம் என்று கனவு காண்கிற பிள்ளைகள் நம் கிராமங்களில் நிறைய. நேரந்தவறாமை, உடம்பைப் பேணுவது, சத்தமாகவும் தெளிவாகவும் பேசுவது இதெல்லாம் அங்கே வந்துவிடும். லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜன்ட் என்று படிப்படியாகப் பொறுப்பும் ஏறும். ஆனால் பள்ளிகளில் இளநிலைப் பிரிவுக்குப் பெரும்பாலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆள் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் முடித்து 'ஏ' சான்றிதழ் எழுதுவார்கள். பதினொன்றில் புதிதாகப் போய் நின்றால் இடம் கிடைப்பது கஷ்டம். ஏற்கெனவே இருப்பவர்கள் தொடரலாம். இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம், கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தாலும் 'பி', 'சி' சான்றிதழ்கள் வாங்கிவிடலாம். ராணுவ அதிகாரி ஆக நினைக்கிறவர்களுக்குப் பயன்படுவது அந்த 'சி' சான்றிதழ்தான். அதை வைத்து எழுத்துத் தேர்வு இல்லாமலே நேர்முகத் தேர்வுக்குப் போகிற சிறப்பு வழி ஒன்று இருக்கிறது. ஆக, இது பதினொன்றாம் வகுப்பில் எடுக்க வேண்டிய முடிவே இல்லை.

என் அளவுகோலில் என்சிசி பாதிதான் தேறுகிறது. பல தெருப் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்கிறார். சொன்னதைப் பிசகாமல் செய்கிற பழக்கம் வரும். எதைச் செய்வது என்று தானே யோசிக்கிற பழக்கத்துக்கு வேறு இடம் தேட வேண்டும்.

சாரணர் இயக்கத்தில் அந்தக் குறை குறைவு. ஆறேழு பேர் கொண்ட அணி, அதற்கு ஓர் அணித் தலைவர் என்ற அமைப்பு நல்ல யோசனை. அந்தச் சின்னக் குழுவே தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்கிறது. ஆளுநர் கையெழுத்திடுகிற ராஜ்ய புரஸ்கார், அதற்கு மேலே குடியரசுத் தலைவர் விருது என்று படிகள் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து ஏறி வந்தவர்களுக்குத்தான் அந்தப் படிகள் பயன். உங்களுக்கு ஆறாவது படிக்கிற இன்னொரு பிள்ளை இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

பள்ளி மாணவர் தலைவர் பதவி பற்றிப் பெற்றோருக்கு இருக்கிற பெருமை எனக்கும் புரிகிறது. சட்டையில் ஒரு பேட்ஜ், விழாவில் மேடை. ஆனால் நிறையப் பள்ளிகளில் அது ஆசிரியர்கள் நியமிக்கிற பதவி. அதிக மதிப்பெண் எடுத்தவர், இல்லையென்றால் உயரமாக இருப்பவர். காலை வணக்கக் கூட்டத்தில் கட்டளை சொல்வது, ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்கள் பேரை எழுதிக் கொடுப்பது என்று வேலை முடிந்துவிடுகிறது. பேர் எழுதிக் கொடுக்கிற வேலை தலைமைக்கு நேர் எதிரானது என்று நினைக்கிறேன். கூடப் படிக்கிறவர்களிடமிருந்து ஒருவனைப் பிரித்து அதிகாரத்தின் பக்கம் நிறுத்துகிறது. அந்தப் பழக்கம் பிறகு போவதில்லை.

இதே பதவி நல்லதாகவும் இருக்க முடியும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, குடிநீர்த் தொட்டி கழுவி நாளாகிறது, கடைசி வகுப்பு நீண்டால் முக்கூடல் பஸ் போய்விடுகிறது என்று பிள்ளைகள் தரப்பைத் திரட்டித் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோய், பதில் வாங்கி, வகுப்பில் வந்து சொல்ல வேண்டும் என்று வைத்தால் அது முழுமையான பொறுப்பு. தேர்தல் வைத்தால் சாதிக் கணக்கில் ஓட்டு விழும் என்று ஆசிரியர்கள் தயங்குவது பொய்யில்லை. நான் பார்த்ததில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற ஒருங்கிணைப்பாளர்கள், ஒரு பெண்ணும் ஓர் ஆணும் சேர்ந்து, என்ற ஏற்பாடு சண்டையில்லாமல் நடக்கிறது. யாருக்கும் பதவி ஒட்டிக்கொள்வதில்லை, ஒரு வருடத்தில் பத்துப் பேர் வரை பொறுப்பில் இருந்து பார்த்துவிடுகிறார்கள். உங்கள் பள்ளியில் அப்படி இல்லையென்றால் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பேச்சுப் போட்டிக்கு வருவோம். நெல்லைக்காரர்களுக்கு மேடைத் தமிழ் மீது உள்ள ஆசை சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வளர்ச்சித் துறை காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்த நாட்களை ஒட்டி மாவட்ட அளவில் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000, அடுத்து 3,000, 2,000 ரூபாய். கூச்சம் தெளிய இது நல்ல வழி, போட்டிக்குப் போகட்டும். ஆனால் அந்த உரையை யார் எழுதியது? பெரும்பாலும் தமிழ் ஐயா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை உருப்போட்டுப் பேசும். கை எங்கே தூக்க வேண்டும், குரல் எங்கே உடைய வேண்டும் என்பது வரை ஒத்திகை. அம்பேத்கரைப் பற்றி ஐந்து நிமிடம் முழங்கிவிட்டுக் கீழே இறங்கி வந்த பிள்ளையிடம் "மகாட் குளத்துல என்ன நடந்துச்சு?" என்று, தலித் மக்கள் பொதுக் குளத்தில் தண்ணீர் எடுக்க அவர் நடத்திய போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறது. பிள்ளை தானே எழுதட்டும், அது சுமாராக இருந்தாலும் சரி. பரிசு கிடைக்காமல் போகலாம். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து தானே எழுதின ஐந்து நிமிடம் கடைசி வரை கூட வரும்.

எனக்கு மிகவும் பிடித்த, ஆனால் பெற்றோர் யாரும் தலைமைப் பயிற்சி என்று நினைக்காத இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 1993இலிருந்து நடக்கிறது, நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்துகிறது. 10 முதல் 17 வயது வரை. பதினொன்றாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அநேகமாக இதுதான் கடைசி வாய்ப்பு. சின்னக் குழு, ஒரு வழிகாட்டி ஆசிரியர், தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினை. அதை எடுத்து, அளந்து, எழுதி, மாவட்ட அளவில் வந்து நடுவர்கள் முன் சொல்ல வேண்டும். தமிழிலேயே சொல்லலாம். மாதிரி செய்து மின்விளக்கு எரிய வைக்கிற கண்காட்சி போல இல்லை இது.

நம்மிடம் பிரச்சினைக்குக் குறைவா? தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரிகிற கால்வாய்கள். பாளையங்கால்வாய் ஊருக்குள் நுழையும்போது எப்படி இருக்கிறது, வெளியே போகும்போது எப்படி இருக்கிறது என்று நான்கு இடத்தில் தண்ணீர் எடுத்துப் பார்க்கலாம். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற அம்மாக்கள் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இடுப்பு வலிக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதலாம். இந்த மாதிரி வேலையில் நான்கைந்து விதமான ஆட்கள் தேவைப்படுகிறார்கள். தயங்காமல் கதவைத் தட்டிப் பேசுகிறவர், எண்களை ஒழுங்காகக் குறிக்கிறவர், படம் வரைகிறவர், "நாம நெனச்சது தப்பு போலருக்கே" என்று முதலில் சொல்கிறவர். அந்தக் கடைசி ஆளைத்தான் நான் தலைவர் என்பேன். தன் குழுவுக்குப் பிடிக்காத உண்மையைக் குழுவின் உள்ளேயே சொல்கிறவர் நம் ஊருக்கு இன்னும் நிறைய வேண்டும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகள் மலர்வதையும் நான் அதிகம் பார்த்தது இங்கேதான். மேடையில் கத்த வேண்டியதில்லை, கையில் தாங்களே சேர்த்த தகவல் இருக்கிறது, அதைச் சொன்னால் போதும். கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் 1987இலிருந்து இருக்கிற மாவட்ட அறிவியல் மையத்துக்கும் ஒருமுறை போய் வரச் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்பில் சுற்றுலா போனது கணக்கில் வராது, இப்போது பார்த்தால் வேறு கேள்விகள் வரும்.

இரண்டாவது, தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு. 2011இலிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரி மாதத்தில் நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள, ஏட்ரீ என்கிற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. தன்னார்வலர்களைக் குழுக்களாகப் பிரித்து, அனுபவசாலி ஒருவரோடு குளம் குளமாக அனுப்புவார்கள். டவுனுக்குள்ளேயே இருக்கிற நயினார்குளம், ராஜவல்லிபுரம், விஜயநாராயணம், கூந்தன்குளம் என்று எங்கேயும் போக நேரலாம். விடிகாலையில் போய் நின்று மஞ்சள் மூக்கு நாரை எத்தனை, கூழைக்கடா எத்தனை, அரிவாள் மூக்கன் எத்தனை என்று எண்ணி எழுதுவது வேலை. கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. தூரத்தில் கறுப்பாகத் தெரிந்தது நீர்க்காகமா பாம்புத்தாராவா என்று தெரியவில்லையென்றால் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓட்டுப் போடுகிற வயதை நெருங்குகிற பிள்ளைக்கு இந்த ஒரு பழக்கம் போதும் என்று தோன்றுகிறது எனக்கு.

கூந்தன்குளத்துக்குப் போக வாய்த்தால் இன்னொன்றும் கிடைக்கும். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். வீட்டு முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டி எச்சம் போட்டாலும் விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஒரு முழு ஊர் சேர்ந்து ஒரு முடிவை எடுத்துத் தலைமுறை தலைமுறையாக அதில் நிற்பது எப்படி என்று பிள்ளைகள் அந்த ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டுவிட்டு வரலாம். இதற்குச் செலவாவது பஸ் கட்டணமும் இரண்டு நாளும்தான். நீட் பயிற்சிக்குப் போகிற பிள்ளை கூட இதற்கு வரலாம்.

கலைத் திருவிழாவும் விளையாட்டும் தனியாக விரித்துச் சொல்ல வேண்டியவை அல்ல. குழு நாடகம், கபடி அணி இரண்டிலும் ஒருவர் சொதப்பினால் எல்லோருக்கும் அடி, ஆகவே என் முதல் கேள்விக்கு இரண்டும் பதில் சொல்கின்றன. பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள். நான் முதல்வன் திட்டத்தைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கிறார்கள். என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழிகாட்டி. தலைமைப் பயிற்சிக்கு மாற்று ஆகாது.

கடைசியாக, கட்டணம் வாங்கி நடத்துகிற தலைமைப் பண்பு முகாம்கள். கோடை விடுமுறையில் குற்றாலம் பக்கம் மூன்று நாள், கயிறு ஏறுவது, இலக்கு எழுதுவது, கடைசி நாளில் எல்லோரும் கண்ணீரோடு அப்பா அம்மாவுக்குக் கடிதம் எழுதுவது. சில ஆயிரங்கள் ஆகும். நடத்துகிறவர்களின் எண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அங்கே வருகிற எல்லோரும் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள். அங்கே செய்கிற எதையும் செய்யாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. என் இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் இல்லை. பணம் இருக்கிறதென்றால் பறவை பார்க்க நல்ல தொலைநோக்கி ஒன்று வாங்கிப் பள்ளிக்குக் கொடுங்கள், பத்துப் பிள்ளைகள் பயன்படுத்துவார்கள்.

சான்றிதழ் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் பெற்றோர் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குப் போடப்படுகிறது. அதில் என்எஸ்எஸ் சான்றிதழுக்கோ பேச்சுப் போட்டிக் கோப்பைக்கோ ஒரு மதிப்பெண்ணும் இல்லை. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான். ஆகவே சான்றிதழுக்காகச் சேர்க்காதீர்கள். வீட்டை விட்டு முதல்முறையாக வெளியூர் விடுதிக்குப் போகிற பிள்ளை, மொழி தெரியாத அறைத்தோழர்களோடு முதல் மாதத்தைக் கடப்பதற்கு ஏழு நாள் முகாம் உதவும். அந்தப் பலன் எந்தத் தரவரிசையிலும் ஏறாது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிடிவாதம் இல்லை, பஸ்தான். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் காசுப் பிரச்சினை தீர்ந்தது. நேரப் பிரச்சினை தீரவில்லை. ஆறு மணிக்கு மேல் எந்தப் பயிற்சி வைத்தாலும் மூலைக்கரைப்பட்டிப் பக்கத்துப் பெண் அதில் இருக்க மாட்டாள். "பொண்ணுங்களுக்கு ஆர்வமே இல்ல" என்று நாம் சொல்லிவிடுகிறோம். முகாம் என்றால் கூட வருகிற ஆசிரியை யார், கழிப்பறை எப்படி, இரவு தங்குமிடத்துக்குக் கதவு இருக்கிறதா என்று பெற்றோர் கேட்பது நியாயம். இதற்கெல்லாம் பதிலை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற பள்ளியில் பெண்கள் எண்ணிக்கை தானாகக் கூடுகிறது.

ஆக என் தேர்வு இதுதான். பள்ளியில் நல்ல திட்ட அலுவலர் இருந்தால் எல்லோருக்கும் என்எஸ்எஸ். இல்லையென்றால் ஒரு அறிவியல் மாநாட்டுக் குழுவும் ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பும். நீட்டுக்கு மும்முரமாகப் படிக்கிற பிள்ளைக்குக் கணக்கெடுப்பு மட்டும். கூச்சப்படுகிற பிள்ளையை மேடைக்குத் தள்ளாமல் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்புங்கள். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளையை, பத்துப் பேரைச் சட்டென்று சேர்க்கத் தெரிந்த பையனை, முகாமின் சமையல் குழுவில் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பத்துப் பேரில் வேறு தெருவும் சேரும். எல்லாவற்றிலும் ஒரே பிள்ளையைச் சேர்க்க வேண்டாம், ஒன்றில் உருப்படியாக இருந்தால் போதும்.

பன்னிரண்டாம் வகுப்பில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். அந்த வருடத்தில் ஒரே ஒரு வேலை இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு வந்திருக்கிற புதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, எந்த ஊரில் யாரிடம் பாத்திரம் கேட்க வேண்டும், இருபத்தைந்து பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எந்தக் குளத்துக்கு எத்தனை மணிப் பஸ் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஜூனில் பள்ளிக்குப் போகும்போது அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் வாங்கி ஒரு பக்கம் படித்துவிட்டுச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.